வெல்டர் நம்பர்

மலைக்கோட்டை ஏறுகிறவர்களில் பலர் மேல்குகையைக் கவனிப்பதே இல்லை. உச்சிப்பிள்ளையாரை எட்டிவிடும் அவசரம் அவர்களுக்கு. அந்தக் குகையைக் குடைவித்தவன் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இதை யாரும் ஊகிக்க வேண்டியதில்லை, அவனே எழுதிவைத்துவிட்டான். தூண்களில் அவனுடைய பட்டப்பெயர்கள் இருக்கின்றன. கங்காதரர் சிற்பத்தின் இரு பக்கமும் வடமொழிச் செய்யுள்கள் இருக்கின்றன. குகைக்கே தன் பட்டப்பெயரைச் சேர்த்து 'லலிதாங்குர பல்லவேச்வர கிருஹம்' என்று பெயர் வைத்திருக்கிறான். இந்தக் கல்வெட்டுகளை ஹூல்ஷ் 1890இல் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியில் வெளியிட்டார்.

அடிவாரத்தில் இன்னொரு குகை இருக்கிறது. சிவனுக்கும் திருமாலுக்கும் கருவறைகள். பின்சுவரில் பிள்ளையார், முருகன், பிரம்மன், சூரியன், கொற்றவை. வேலைப்பாட்டில் மேல்குகைக்குக் குறைந்ததில்லை. ஆனால் குடைவித்தவன் பெயர் எங்கும் இல்லை. தூணின் அமைப்பு, சிற்பத்தின் நிற்கும் விதம், தெய்வங்களின் தேர்வு ஆகியவற்றை வைத்துப் பாண்டியர் வேலை என்று பலரும், பல்லவர் வேலை என்று சிலரும் சொல்லிவந்திருக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுடன் கீழ்க்குகைக்குப் போயிருந்தேன். அப்பா திருவெறும்பூர் பாய்லர் பிளான்ட்டில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரிட்டையர் ஆனதும் ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்துவிட்டோம். பெயர் இல்லாத குகை என்று நான் சொன்னதும் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"எங்க பிளான்ட்ல இதெல்லாம் நடக்காதுடா. ஜாயின்ட் போட்டு முடிச்சதும் பக்கத்துலயே வெல்டர் நம்பரைப் பஞ்ச் அடிச்சிடணும். பிளேட்டை வெட்டினா ஹீட் நம்பரை வெட்டின துண்டுக்கும் மாத்தி அடிக்கணும். நாளைக்கு எக்ஸ்ரேல ஓட்டை தெரிஞ்சா எந்த இரும்பு, யாரு போட்டதுன்னு தெரியணும்ல?"

"நம்பரை மாத்தி அடிச்சிட்டா என்னப்பா பண்ணுவாங்க?"

"அடிக்கலாம். யாரு வேணாலும் அடிக்கலாம். ஆனா பீடு காட்டிக் குடுத்துரும். ஒவ்வொருத்தன் கையும் ஒரு தினுசா ஓடும். இருபது வருஷம் பக்கத்துல நின்னவனுக்கு நம்பரே வேணாம்."

நான் பார்க்கும் வேலையை அப்பாவுக்குப் புரியவைக்க எனக்கு எட்டு வருடமாக முடியவில்லை. அன்று அவரே சொல்லிவிட்டார். முடிந்துபோன மென்பொருளைக் கையில் வாங்கி, இதை எழுதியது யார், எந்தக் கருவியால், எப்போது, என்ன செய்வதற்காக என்று பார்ப்பது என் வேலை. எழுதியவர்கள் பெரும்பாலும் திருடர்கள், பெயர் எழுத மாட்டார்கள். ஆனால் அவர்கள் பயன்படுத்திய கம்பைலர் அவர்களைக் கேட்காமலே சில நம்பர்களை அடித்துவிட்டிருக்கும். இந்தக் கட்டுரை அந்த நம்பர்களைப் பற்றியது. அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதையும் பற்றியது.

*

கம்பைலர் என்பது மொழிபெயர்ப்பாளர். மனிதர் படிக்கும்படி எழுதிய நிரலை இயந்திரத்தின் கட்டளைகளாக மாற்றுகிறது. 1952இல் கிரேஸ் ஹாப்பர் எழுதிய ஏ-0 இந்த வகையின் முதல் முயற்சிகளில் ஒன்று. 1957இல் ஐபிஎம்மின் ஃபோர்ட்ரான் வந்தபிறகு இது அன்றாட வழக்கமானது.

இந்த மொழிபெயர்ப்பில் பெயர்கள் செத்துப்போகும். நீங்கள் 'சம்பளம்' என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்திருப்பீர்கள். இயந்திரத்துக்கு அது நினைவகத்தில் ஒரு முகவரி, அவ்வளவுதான். 'வரியைக் கணக்கிடு' என்று ஒரு செயற்கூறு எழுதியிருந்தால் அது ஓர் எண்ணிலிருந்து தொடங்கும் பைட்டுகளின் வரிசை ஆகிவிடும். முடிந்த கோப்பை பைனரி என்கிறோம்.

ஆனால் நிரல் பாதியில் விழுந்துவிட்டால் எங்கே விழுந்தது என்று எழுதியவருக்குத் தெரிய வேண்டுமே. அதற்காகப் பெயர்களையும் முகவரிகளையும் சேர்த்து ஓர் அட்டவணையைக் கம்பைலர் கோப்போடு ஒட்டிவைத்தது. 1971இல் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே அந்த அட்டவணையைப் படிக்க ஒரு கட்டளையும், சுரண்டி எடுத்துவிட இன்னொரு கட்டளையும் இருக்கின்றன. முதலாவதன் பெயர் 'என்எம்', இரண்டாவதன் பெயர் 'ஸ்ட்ரிப்'. எழுதிவைப்பதும் அழிப்பதும் ஒன்றாகவே பிறந்திருக்கின்றன. அன்றைக்கு அழித்ததற்குக் காரணம் ரகசியம்கூட இல்லை, வட்டில் இடம் இல்லை.

ஸ்ட்ரிப் செய்தாலும் எல்லாம் போய்விடாது என்பதில்தான் எங்கள் பிழைப்பு இருக்கிறது. லினக்ஸில் ஓடும் பெரும்பாலான 64 பிட் நிரல்களில், பிழை நேர்ந்தால் வந்த வழியே திரும்பிப் போவதற்காக ஒவ்வொரு செயற்கூறும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பு தனியாக இருக்கும். பெயர் போனாலும் எல்லைக்கல் நிற்கிறது. சி++ மொழியில் எழுதினால் வகுப்புகளின் பெயர்கள் சில நேரம் தங்கிவிடும். கோ மொழியில் எழுதினால் ஸ்ட்ரிப் செய்த பிறகும் செயற்கூறுகளின் பெயர்ப்பட்டியல் வழக்கமாக உள்ளேயே இருக்கும், அந்த மொழியின் இயக்கத்துக்கே அது தேவை. பாதுகாப்புக்காக வந்த குறிப்புகளும் உண்டு. விண்டோஸில் 'கன்ட்ரோல் ஃப்ளோ கார்டு' என்ற வசதி, எந்தெந்த முகவரிகளுக்கு மறைமுகமாகத் தாவலாம் என்று கம்பைலரும் லிங்கரும் தயாரிக்கும் பட்டியலை வைத்துக்கொண்டு மற்ற தாவல்களைத் தடுக்கிறது. தாக்குபவரைத் தடுக்க எழுதிய அதே பட்டியல், பைனரியைப் பிரித்துப் படிப்பவருக்கு வரைபடமும் ஆகிறது.

இன்னொரு தடயம் கோப்புப்பாதை. மைக்ரோசாஃப்ட் கருவிகளில் கம்பைல் செய்தால் டீபக் விவரங்கள் தனிக்கோப்பில் போகும். அந்தக் கோப்பு எழுதியவரின் கணினியில் எந்த ஃபோல்டரில் இருந்தது என்ற முழுப் பாதை பைனரிக்குள் இருக்கும். என் முதல் வேலையில் நான் எழுதிய சின்ன நிரல் ஒன்று வாடிக்கையாளருக்குப் போனது. அதற்குள் என் செல்லப்பெயரும், டெஸ்க்டாப்பில் நான் வைத்திருந்த 'கடைசி முயற்சி 2' என்ற ஃபோல்டரின் பெயரும் இருந்தன. அந்தப் பக்கத்திலிருந்து மெயில் வந்தது: "முதல் கடைசி முயற்சிக்கு என்ன ஆயிற்று?" அன்றைக்கு வெட்கமாக இருந்தது. இந்தத் துறைக்கு நான் வந்ததற்கு அந்த மெயிலும் ஒரு காரணம்.

*

2010இல் ஸ்டக்ஸ்நெட் வெளிப்பட்டது. ஈரானின் யுரேனியச் செறிவூட்டல் இயந்திரங்களைக் குறிவைத்த புழு. சைமன்டெக் கணக்கின்படி தொற்று அதிகம் இருந்த நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து மூன்றாவது இந்தியா. அதன் ஒரு பகுதியில் டீபக் கோப்புப்பாதை அழிக்கப்படாமல் இருந்தது. ஃபோல்டரின் பெயர் 'மிர்டஸ்', கோப்பின் பெயர் 'குவாவா', அதாவது கொய்யா.

உரையாசிரியர்கள் கிளம்பிவிட்டார்கள். மிர்டஸ் என்பது ஒரு செடி. அதன் எபிரேயப் பெயரோடு தொடர்புடைய பெயர் எஸ்தர் அரசிக்கு உண்டு. எஸ்தர் பாரசீகத்தில் யூதர்களைக் காத்தவள். ஆகவே இஸ்ரேல்! இன்னொரு தரப்பு அதையே பிரித்து 'மை ஆர்டியூஸ்' என்று படித்தது. ஆர்டியூ என்பது தொழிற்சாலைகளில் இருக்கும் தொலைக் கட்டுப்பாட்டுக் கருவி. செடியும் இல்லை, அரசியும் இல்லை. கொய்யா மிர்டஸ் குடும்பத்து மரம்தான், அதனால் யாரோ தாவரப் பெயர்களை வரிசையாக வைத்திருக்கிறார் என்பதும் பொருந்துகிறது.

இதைப் படித்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. நாவலும் அதே குடும்பம். எங்கள் தீவிலேயே, ஸ்ரீரங்கத்துக்குக் கூப்பிடு தூரத்தில், திருவானைக்காவில் தலமரம் வெண்நாவல். ஊரின் வடமொழிப் பெயரே ஜம்புகேச்வரம். இந்த வழியில் யோசித்தால் ஸ்டக்ஸ்நெட்டை எழுதியவர் திருவானைக்கா ஆள் என்று நிரூபிக்க எனக்கு ஒரு பக்கம் போதும். சைமன்டெக் அறிக்கை இந்த இடத்தில் நிதானமாக இருந்தது. இன்னொருவர் மேல் பழி போட நினைப்பவரும் இப்படி எழுதலாம், உடனே முடிவுக்கு வராதீர்கள் என்றது.

தடயம் கிடைப்பது ஒரு படி. அந்தத் தடயத்தைப் போட்டவருக்கு அது தெரியுமா, தெரியாதா என்பது அடுத்த படி. ஃபோல்டருக்குப் பெயர் வைத்தவர் மனிதர். அவருக்குத் தெரியும். அதனால் அது மகேந்திரவர்மனின் கல்வெட்டு வகை. கம்பைலர் தானே அடிக்கும் நம்பர் அப்பா சொன்ன பீடு வகை. குறைந்தபட்சம் பல வருடங்கள் நாங்கள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

*

தானாக விழும் தடயங்களில் எளிமையானது நேரம். விண்டோஸ் பைனரி ஒவ்வொன்றிலும் அது உருவான நொடியை லிங்கர் எழுதிவைக்கும். 2014 அக்டோபரில் ஃபயர்ஐ நிறுவனம் ஒரு ரஷ்யக் குழுவைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், அந்தக் குழுவின் மால்வேர்களில் 96 சதவீதத்துக்கு மேல் திங்கள் முதல் வெள்ளிக்குள் கம்பைல் ஆனவை என்றும், 89 சதவீதத்துக்கு மேல் மாஸ்கோவுக்கு அன்றிருந்த நேரப்படி காலை 8க்கும் மாலை 6க்கும் இடையே கம்பைல் ஆனவை என்றும் கணக்குக் காட்டியது. உளவாளிகளும் ஆபீஸ் நேரத்தில்தான் வேலை பார்க்கிறார்கள்.

கல்வெட்டுக்காரர்களுக்கு இது பழைய வேலை. ஸ்ரீரங்கம் கோயிலின் சுவர்களில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் உள்ளன. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையில் 24ஆம் தொகுதி முழுக்க இந்த ஒரு கோயிலுக்கு. சோழர், பாண்டியர், ஹொய்சளர், விஜயநகரத்தார் என்று அடுக்கடுக்காக இருக்கும். பல கல்வெட்டுகளில் சக ஆண்டு இருக்காது. அரசன் பட்டமேறி இத்தனையாவது ஆண்டு, இன்ன மாதம், இன்ன பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று மட்டும் இருக்கும். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் உட்கார்ந்துகொண்டு கீல்ஹார்ன் இந்தக் குறிப்புகளை வானியல் கணக்கோடு பொருத்திச் சோழ, பாண்டிய அரசர்களின் காலத்தை நிர்ணயித்தார். பிறகு எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளை 1922இல் வெளியிட்ட 'இந்தியன் எபிமெரிஸ்' அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கும்படி அட்டவணை ஆக்கியது. திதியும் கிழமையும் நட்சத்திரமும் ஒரே நாளில் கூடிவர வேண்டும். கூடாவிட்டால் கல்தச்சன் பிழை செய்திருக்கிறான், அல்லது யாரோ பொய் சொல்கிறார்கள்.

நேரத்தைப் பூட்டிவைத்த கல்வெட்டும் ஸ்ரீரங்கத்தில் உண்டு. பதினான்காம் நூற்றாண்டுப் படையெடுப்பில் ஊரைவிட்டுப் போன நம்பெருமாளை விஜயநகரத் தளபதி கோபணார்யன் திரும்பக் கொண்டுவந்து அமர்த்தியதைச் சொல்லும் கல்வெட்டு அது. ஆண்டு எண்ணாக இல்லை, 'பந்துப்ரியே' என்ற சொல்லாக இருக்கிறது. 'கடபயாதி' முறையில் வடமொழி எழுத்துகளுக்கு எண் உண்டு. இந்தச் சொல்லில் வருவன 3, 9, 2, 1. வலமிருந்து படித்தால் சக ஆண்டு 1293, அதாவது கி.பி. 1371. முறை தெரியாதவருக்கு அது வெறும் அன்பான சொல்.

ஆனால் கருவி தானே எழுதும் நேரமும் பொய் சொல்லும். டெல்ஃபி என்ற கருவியின் பல பதிப்புகளில் கம்பைல் செய்த நிரல்கள் எல்லாமே 1992 ஜூன் 19 இரவு 10 மணி 22 நிமிடம் 17 நொடியில் பிறந்ததாகச் சொல்லும். லிங்கர் ஒரே எண்ணை எல்லாவற்றிலும் எழுதிவிடுகிறது. டெல்ஃபி சந்தைக்கு வந்ததே 1995இல். தாய் பிறப்பதற்கு முன்னே பிள்ளை பிறந்த கதை. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் இந்தத் தேதியைப் பார்த்துப் பழைய மால்வேரைக் கண்டுபிடித்துவிட்டதாக ஓடிவருவார்கள். நானும் ஓடியிருக்கிறேன். அந்தத் தேதி குற்றவாளியைக் காட்டாது, ஆனால் கருவியைக் காட்டிவிடும். பொய்யிலும் ஒரு தகவல் இருக்கிறது.

*

இந்தியாவின் பெயர் இந்த வரலாற்றில் இரண்டு பக்கமும் வருகிறது. 2013இல் நார்வேயின் டெலினார் தொலைபேசி நிறுவனத்தில் நடந்த ஊடுருவலைத் தொடர்ந்து, நார்மன் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தாக்குதலின் மூலம் இந்தியா என்று அது சொன்னது. அரசின் கை இருப்பதற்குச் சான்று இல்லை என்றும் சொன்னது. அந்த நடவடிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஹேங்ஓவர்'. பெயர் எங்கிருந்து கிடைத்தது? மால்வேர் ஒன்றின் டீபக் கோப்புப்பாதையிலிருந்து. என் 'கடைசி முயற்சி 2' போலவே யாரோ அழிக்க மறந்தது.

மறுபக்கம் கூடங்குளம்.

2019 தீபாவளி அக்டோபர் 27. அந்த நாட்களில் தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது, ஆனால் தீபாவளி நிகழ்ச்சிக்காக இல்லை. எங்கள் மாவட்டத்தில், மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில், ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையை மீட்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. 29 அதிகாலை அது துயரமாக முடிந்தது. நாங்கள் யாரும் வேறு எதையும் கவனிக்கவில்லை.

28ஆம் தேதி இணையத்தில் ஒரு மால்வேர் மாதிரி பேச்சுக்கு வந்திருந்தது. வைரஸ்டோட்டல் என்ற பொதுத்தளத்தில் யாரோ ஏற்றியிருந்த கோப்பு. டி-டிராக் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்குள் ஓர் உள்வலைப்பின்னல் முகவரியும், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஆங்கிலச் சுருக்கெழுத்தான கேகேஎன்பிபி என்ற பெயரின் கீழ் ஒரு நிர்வாகிக் கணக்கும் நேரடியாக எழுதப்பட்டிருந்தன. இது கம்பைலர் அடித்த நம்பர் இல்லை, தாக்கியவர்களே உள்ளே எழுதியது. முன்பே உள்ளே போய்வந்தவருக்குத்தான் இதை எழுதத் தெரியும் என்பது படித்தவர்களுக்குப் புரிந்தது. அரசின் முன்னாள் சைபர் பாதுகாப்பு ஆய்வாளர் புக்ராஜ் சிங், செப்டம்பர் தொடக்கத்திலேயே அதிகாரிகளுக்குத் தெரிவித்ததாக வெளிப்படையாகச் சொன்னார்.

29ஆம் தேதி கூடங்குளம் நிலையத்திலிருந்து மறுப்பு வந்தது. கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, இணையத்தோடு தொடர்பில்லாதவை, அவற்றின் மீது சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை என்றது. மறுநாள் 30ஆம் தேதி இந்திய அணுமின் கழகம் வேறு அறிக்கை விட்டது. மால்வேர் கண்டறியப்பட்டது உண்மை, செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4ஆம் தேதியே தெரிவித்தது, பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இணையத் தொடர்புள்ள வலையில் இருந்த ஒரு கணினி, முக்கியமான உள்வலை அதிலிருந்து பிரிக்கப்பட்டது என்றது. இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் படித்தால் சொல்லுக்குச் சொல் முரண் இல்லை என்று வாதாடலாம். ஆனால் முதல் நாள் அறிக்கையை மட்டும் படித்தவர் எதுவுமே நடக்கவில்லை என்று நினைத்துத் தூங்கியிருப்பார். அந்த ஒரு நாள் இடைவெளியில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது கோப்பு மட்டும்தான்.

டி-டிராக்கைப் பற்றி காஸ்பர்ஸ்கி நிறுவனம் அதற்கு ஒரு மாதம் முன்னரே, 2019 செப்டம்பரில், எழுதியிருந்தது. 2018இல் இந்திய வங்கி ஏடிஎம்களில் அட்டை விவரம் திருடும் மால்வேரைத் தேடப்போய், அதன் உறவாக 180க்கு மேற்பட்ட மாதிரிகளைக் கண்டார்கள். உள்ளிருக்கும் சரக்கு பூட்டப்பட்டிருந்தது. வெளி ஓடு சில மாதிரிகளில் விஷுவல் ஸ்டுடியோ புதிதாகத் திறந்தால் தானே உருவாக்கித்தரும் வெற்று நிரல். கடையில் வாங்கின புது எவர்சில்வர் டப்பாவுக்குள் பாம்பை வைத்த மாதிரி. பூட்டைத் திறந்து உள்ளே பார்த்தபோது, 2013இல் தென்கொரிய வங்கிகளையும் தொலைக்காட்சி நிலையங்களையும் முடக்கிய தாக்குதலின் நிரல் துண்டுகளோடு ஒற்றுமை தெரிந்தது. வட கொரியாவோடு இணைத்துப் பேசப்படும் லாசரஸ் குழுவின் கை என்றார்கள். அதாவது பீடு.

*

லாசரஸ் என்ற பெயர் வந்ததால் அதற்கு முந்தைய ஆண்டுக்குப் போக வேண்டும். 2018 பிப்ரவரி 9, தென்கொரியாவின் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா. விழா நேரத்தில் போட்டி அமைப்பாளர்களின் கணினிகள் விழுந்தன. அந்த மால்வேருக்கு 'ஒலிம்பிக் டெஸ்ட்ராயர்' என்று பெயர். அடுத்த சில நாட்களில் வட கொரியா, சீனா, ரஷ்யா என்று மூன்று நாடுகளையும் ஆளுக்கொரு நிறுவனம் கைகாட்டியது.

இங்கே ரிச் ஹெட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1990களின் இறுதியிலிருந்து மைக்ரோசாஃப்ட் லிங்கர் ஒவ்வொரு பைனரியின் தலைப்பகுதியிலும் ஒரு சிறு பதிவைச் செருகிவருகிறது. எந்தெந்தக் கருவியின் எந்தப் பதிப்பு, எத்தனை துண்டுகளை உருவாக்கியது என்ற பட்டியல் அது. ஹீட் நம்பர் என்றே சொல்லலாம். நிறுவனம் அதைப் பற்றி வெளிப்படையாக ஆவணம் எதுவும் தராததால், ஆர்வலர்களே 2000களில் பிரித்துப் படித்து எழுதினார்கள். முடிவில் 'ரிச்' என்ற நான்கு எழுத்து தெரிவதால் அந்தப் பெயர். மற்றதெல்லாம் ஒரு சாவி எண்ணால் மறைக்கப்பட்டிருக்கும். சாவி, அந்தத் தலைப்பகுதியின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுவது. 'பந்துப்ரியே'யில் ஆண்டு இருப்பதுபோல, முறை தெரிந்தவருக்குத்தான் அதில் பட்டியல் இருக்கிறது. பலருக்கும் தெரியாத பதிவு என்பதால் திருடர்களும் அழிக்க மறந்தார்கள், நாங்களும் நம்பினோம்.

ஒலிம்பிக் டெஸ்ட்ராயரின் ரிச் ஹெட்டர், லாசரஸ் குழுவின் பழைய மால்வேர் ஒன்றில் இருந்ததோடு அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனது. கைரேகை கிடைத்துவிட்ட மாதிரிதான். ஆனால் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் அங்கே நிற்கவில்லை. ஹெட்டர் சொன்னது, விஷுவல் சி++ 6இல் கட்டிய நிரல் என்று. 1998இன் கருவி அது. நிரலின் உடம்பிலோ அந்தக் கருவியின் காலத்தில் இல்லாத ஒரு கோப்பைக் குறிப்பிடும் வரி இருந்தது. உடம்பு விஷுவல் ஸ்டுடியோ 2010 வேலை. யாரோ லாசரஸின் ஹெட்டரை அப்படியே வெட்டி இதன் தலையில் ஒட்டியிருக்கிறார்கள். 2018 மார்ச்சில் அதை வெளியிட்டார்கள். 2020 அக்டோபர் 19 அன்று அமெரிக்க நீதித்துறை இந்தத் தாக்குதல் உள்ளிட்ட குற்றங்களுக்காக ரஷ்ய ராணுவ உளவுத்துறையைச் சேர்ந்த ஆறு பேர் மீது குற்றப்பத்திரிகையை வெளியிட்டது.

நடந்ததைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தென்கொரியாவில் விழா நடக்கிறது. பக்கத்திலேயே ராணுவ எல்லை. பழி வட கொரியா மேல் விழ வேண்டும் என்று ஒருவர் திட்டமிட்டு, அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது ஒரு சிறிய கம்பைலர் குறிப்பு. அதை யார் படிப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாங்கள் பீடு என்று நினைத்திருந்ததை அவர் நம்பராக மாற்றி அடித்துவிட்டார்.

தஞ்சாவூரில் கிடைத்த ஒரு செப்பேட்டின் கதையும் இதுதான். மேலைக் கங்க அரசன் அரிவர்மன் கொடுத்த தானம் என்று சொல்லிக்கொள்ளும் செப்பேடு. ஆண்டு சக 169, அதாவது கி.பி. மூன்றாம் நூற்றாண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைப் பதிப்பித்த ஃப்ளீட் போலி என்று ஒதுக்கினார். ஆண்டு பழையது, எழுத்தின் வடிவமோ பல நூற்றாண்டுகள் பிந்தியது. போலி செய்தவருக்கு அரசன் பெயர் தெரியும், ஆண்டு எழுதும் முறை தெரியும். தன் கையெழுத்துக்கும் ஒரு காலம் உண்டு என்பது மட்டும் தெரியவில்லை. அந்தச் செப்பேட்டுக்குப் பின்னால் ஒரு நிலம் இருந்திருக்கும், அதன்மேல் யாருக்கோ உரிமை போயிருக்கும். ஒலிம்பிக் டெஸ்ட்ராயருக்குப் பின்னால் ஒரு போர் வந்திருக்கலாம்.

ஃப்ளீட்டின் வழியும் காஸ்பர்ஸ்கியின் வழியும் ஒன்றே. ஒரு தடயத்தை எடுத்துக்கொண்டு ஓடாமல், தடயங்களை ஒன்றோடொன்று பேசவிடுவது. தலை சொல்வதை உடம்பு ஒப்புக்கொள்கிறதா என்று கேட்பது. எந்த ஒற்றைக் குறிப்பையும் திருடலாம். எல்லாக் குறிப்புகளையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி திருடுவதற்கு, அந்த இன்னொருவராகவே ஆகிவிட வேண்டும்.

*

இந்தத் தடயங்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகின்றன. காரணம் திருடர்கள் மட்டும் இல்லை. 1984இல் கென் தாம்ப்சன் ஓர் உரையில் காட்டினார்: கம்பைலரிலேயே ஒரு கள்ளத்தனத்தை வைத்துவிட்டால், சோர்ஸ் கோடு முழுக்கச் சுத்தமாக இருந்தாலும் பைனரி கெட்டுப்போயிருக்கும். இதற்கு ஒரு பதில், ஒரே சோர்ஸை இருவர் தனித்தனியாகக் கம்பைல் செய்து, கிடைத்த பைனரிகள் ஒரு பைட்டும் மாறாமல் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. டெபியன் போன்ற திட்டங்கள் 2013 வாக்கிலிருந்து இதற்கு உழைக்கின்றன. அப்படி ஒத்துப்போக வேண்டுமானால் கம்பைல் ஆன நேரமும், எழுதியவரின் ஃபோல்டர் பெயரும் உள்ளே இருக்கக்கூடாது. விண்டோஸ் 10இல் வரும் மைக்ரோசாஃப்ட் கோப்புகளின் நேரக் களத்தைப் படித்தால் சில கோப்புகள் இன்னும் வராத வருடத்தில் பிறந்ததாகச் சொல்லும். அங்கே இருப்பது நேரம் இல்லை, உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஓர் எண். அப்படிச் செய்தால்தான் எல்லோரும் சரிபார்க்க முடியும்.

இதில் எனக்கு வருத்தம் உண்டு, என் தொழிலில் ஒரு கருவி போகிறது. ஆனால் நியாயமான மாற்றம் என்றுதான் நினைக்கிறேன். நல்லவர்கள் தங்கள் பெயரை எடுத்துவிட்டுச் சரிபார்க்கும் வழியைத் தருகிறார்கள். இனி யார் செய்தது என்று கேட்பவர்கள் கையோட்டத்தைப் படிக்கப் பழக வேண்டியதுதான்.

போன மாதம் அப்பாவிடம் ஒலிம்பிக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "அப்ப நம்பரை வெட்டி ஒட்டினவனை எப்படிடா புடிச்சாங்க?" என்று கேட்டார். தலையில் பழைய கருவி, உடம்பில் புதிய கருவி என்றேன்.

"எலெக்ட்ரோடு மாறிருக்கு" என்றார்.

அடுத்த ஞாயிறு மறுபடி கீழ்க்குகைக்குப் போனோம். அவர் சிற்பங்களைப் பார்க்கவில்லை. தூணுக்குப் பக்கத்தில் குனிந்து, உளி போன தடத்தை விரலால் தடவாமல், ஒரு சாண் தள்ளி நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பாண்டியனா பல்லவனா என்று நான் கேட்டதற்கு, "அது தெரியாது. ஆனா இந்தத் தூணும் அந்தத் தூணும் ஒரே ஆள் பண்ணலை" என்றார்.